இரண்டாம் வாசிப்பில் நிற்கும் கதை: ‘ரொஜர் அக்ரொய்ட் கொலை’ பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

திருப்பங்கள் நிறைந்த ஒரு மர்ம நாவலை வாசித்து முடித்தவரிடம் நாம் முதலில் கேட்பது, "ஆளைக் கண்டுபிடிச்சியா?" என்பதுதான். கண்டுபிடித்திருந்தால் கதை சுமார், ஏமாந்திருந்தால் கதை பிரமாதம் என்று தீர்ப்பு முடிந்துவிடுகிறது. எனக்கு இந்த அளவுகோலில் நம்பிக்கை இல்லை. தகவலை மறைத்துவிட்டால் யாரையும் ஏமாற்றலாம். எல்லாவற்றையும் கண்முன்னே பரப்பி வைத்துவிட்டு ஏமாற்றுவதுதான் கடினம். அப்படி நடந்திருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: முடிவு தெரிந்த பிறகு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய் வாசிப்பது.

இந்தச் சோதனைக்கு நான் எடுத்த நாவல் அகதா கிறிஸ்டியின் ‘ரொஜர் அக்ரொய்ட் கொலை’. 1926இல் வெளிவந்தது. கொழும்பின் வெள்ளவத்தையில் ஞாயிறு மாலைகளில் கூடும் எங்கள் சிறிய வாசகர் குழு அண்மையில் இதை ஒன்றாக வாசித்தது. அங்கே நடந்தவற்றையும் நாவலையும் சேர்த்தே எழுதுகிறேன். வாசகருக்கு ஒரு புத்தகம் எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதைத் தனியாக இருந்து வாசிக்கும்போது இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடிவதில்லை.

முக்கியமான ஒன்று. கொலையாளி யார் என்பதை அடுத்த பகுதியிலேயே சொல்லிவிடுவேன். அதைச் சொல்லாமல் இந்த நாவலைப் பற்றி உருப்படியாக எதுவும் எழுத முடியாது. இன்னும் வாசிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, புத்தகத்தைத் தேடிப் படித்துவிட்டு வாருங்கள். டி.ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் கிறிஸ்டியின் நாவல்கள் கிடைக்காத நாளை நான் பார்த்ததில்லை.

கதை இதுதான்

கிங்ஸ் அபட் என்ற ஆங்கிலக் கிராமம். கதையைத் தன் வாயால் சொல்பவர் அந்த ஊர் வைத்தியர், டொக்டர் ஷெப்பர்ட். திருமணமாகாத தன் அக்கா கரோலைனுடன் வசிக்கிறார். திருமதி ஃபெரர்ஸ் என்ற விதவை தூக்க மருந்தை அளவுக்கு மீறி எடுத்து இறந்துபோகும் காலையில் கதை தொடங்குகிறது. அவர்தான் தன் கணவருக்கு நஞ்சு கொடுத்தவர் என்பதையும், அதை அறிந்த ஒருவர் மிரட்டிப் பணம் பறித்து வந்தார் என்பதையும் பிறகு அறிகிறோம். அவரை மணக்கவிருந்த ஊர்ப் பணக்காரர் ரொஜர் அக்ரொய்ட் அன்று இரவு டொக்டரைச் சாப்பாட்டுக்கு அழைக்கிறார். மிரட்டியவரின் பெயர் எழுதிய கடிதம் எட்டு நாற்பதுக்கு அக்ரொய்டின் கைக்கு வருகிறது. எட்டு ஐம்பதுக்கு டொக்டர் அறையை விட்டு வெளியே வருகிறார். பின்னர் அக்ரொய்ட் கத்தியால் குத்தப்பட்டுக் கிடக்கிறார். கடிதத்தைக் காணவில்லை.

அக்ரொய்டின் வளர்ப்பு மகன் ரால்ஃப் மீது சந்தேகம் விழுகிறது. பக்கத்து வீட்டில் ஓய்வெடுத்துக்கொண்டு பூசணி இனத்துக் காய் வளர்க்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் துப்புத் துலக்க வருகிறார். அவர்தான் கிறிஸ்டியின் பல நாவல்களில் வரும் துப்பறிவாளர் ஹெர்க்யூல் புவாரோ. வழமையாக அவருக்குத் துணை நிற்கும் நண்பர் இல்லாத இடத்தை டொக்டர் நிரப்புகிறார். கூடவே போகிறார், குறிப்பெடுக்கிறார், புவாரோ தோற்கப்போகும் வழக்கு இது என்று எண்ணிக்கொண்டு ஒரு கையெழுத்துப் பிரதியும் எழுதி வருகிறார். நாம் வாசிப்பது அந்தப் பிரதியைத்தான். மிரட்டியவரும் கொன்றவரும் அந்த டொக்டரேதான்.

இந்த யோசனை கிறிஸ்டிக்குத் தனியாக உதித்ததல்ல. துப்பறிவாளரின் துணைவனே குற்றவாளியாக இருந்தால் என்ன என்று அவருடைய அக்காவின் கணவர் ஜேம்ஸ் வாட்ஸ் ஒரு முறை சொன்னார். மவுண்ட்பேட்டன் பிரபுவும் இதே போன்ற ஒன்றைக் கடிதத்தில் எழுதியிருந்தார். யோசனை யாருக்கும் வரலாம். அதை இருபத்தேழு அத்தியாயங்களுக்கு ஒரு பொய்யும் சொல்லாமல் இழுத்துச் செல்வது வேறு வேலை.

வெள்ளவத்தையில் நடந்தது

எங்கள் குழுவில் எல்லோரும் ஆங்கிலத்தில் ஒரே வேகத்தில் வாசிப்பவர்கள் இல்லை. எல்லோரும் ‘சேர்’ என்று கூப்பிடும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர், ராஜேஷ்குமாரின் பொக்கற் நாவல்களை இளமையில் ஒன்று விடாமல் வாசித்த அன்ரி ஒருவர், சட்டக் கல்லூரி மாணவி ஒருவர், நான், இன்னும் சிலர். அன்ரிக்கு ஆங்கில நாவல் வாசித்துப் பழக்கமில்லை. ஆகவே ஒவ்வொரு வாரமும் சில அத்தியாயங்களைச் சட்ட மாணவி தமிழில் சொல்வது என்று முடிவு செய்தோம். அவர் ஏற்கெனவே முழுவதையும் வாசித்திருந்தார். நானும் வாசித்திருந்தேன். மற்றவர்களுக்குக் கதை புதிது.

நான்காம் அத்தியாயம் வந்த நாளில்தான் இந்த ஆய்வுக்கான பொருளே கிடைத்தது. அக்ரொய்ட் வீட்டுச் சாப்பாடு நடக்கும் அத்தியாயம் அது. கடிதம் வந்தது, அக்ரொய்ட் பாதியை உரக்க வாசித்தார், பெயர் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு மிச்சத்தைத் தனியாக இருக்கும்போது வாசிக்கிறேன் என்றார், டொக்டர் வற்புறுத்தியும் கேட்கவில்லை. இவ்வளவையும் மாணவி நன்றாகவே சொன்னார். "எட்டு ஐம்பதுக்கு டொக்டர் அறையை விட்டு வெளியே வந்தார்" என்று சொல்லி நிறுத்தியதும் அன்ரி கேட்டார்: "இவர் வெளிக்கிடேக்க அக்ரொய்ட் என்ன செய்துகொண்டிருந்தவர், பிள்ளை?"

மாணவிக்கு வாய் எழவில்லை. என்ன பதில் சொன்னாலும் அது பொய். "கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்" என்றால் பொய். "கதிரையில் இருந்தார்" என்றால் பாதிப் பொய். கடைசியில், "அதை டொக்டர் சொல்லேல்லை, அன்ரி" என்றார். அன்ரி அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அந்த ஒரு பார்வையில் நாவலின் முழு உத்தியும் எனக்கு விளங்கியது. எழுத்தில் இருக்கும் கதைசொல்லியை யாரும் இடைமறித்துக் கேள்வி கேட்க முடியாது. கடிதம் வந்த நேரத்தையும் தான் வெளியேறிய நேரத்தையும் டொக்டர் ஷெப்பர்ட் அடுத்தடுத்த வாக்கியங்களில் தருகிறார். கதவின் பிடியில் கையை வைத்தபடி திரும்பிப் பார்த்து, செய்ய வேண்டியது ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று யோசித்ததாகவும் எழுதுகிறார். எல்லாம் உண்மை. இடையில் நடந்தது மட்டும் இல்லை. கதையை எதிரே இருந்து சொல்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. திண்ணையிலோ வரவேற்பறையிலோ சொல்லப்படும் கதையில் கேட்பவர் உடனே "அப்ப என்ன நடந்தது?" என்று கேட்டுவிடுவார்.

சட்ட மாணவி அடுத்த வாரம் இதையே தன் பாடத்தோடு ஒப்பிட்டுச் சொன்னார். சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்றுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த நாவல் ஒரு பாடம் என்றார். சாட்சி பொய் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இதை விடக் கூர்மையான விமர்சனத்தை நான் இந்த நாவலைப் பற்றிக் கேட்டதில்லை.

பலம் எங்கே இருக்கிறது

கணித சேர் முதல் வாரத்திலேயே நேரங்களை ஒரு தாளில் எழுதத் தொடங்கியிருந்தார். கடிதம் எட்டு நாற்பது. டொக்டர் வெளியேறியது எட்டு ஐம்பது. வெளிக் கேற்றைக் கடக்கும்போது தேவாலய மணி ஒன்பது அடிக்கிறது. "வீட்டு வாசலுக்கும் கேற்றுக்கும் இடையிலே பத்து நிமிட நடையா? பெரிய வளவுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டார். கடைசியில் புவாரோ அதே பத்து நிமிடத்தை எடுத்து, அந்தத் தூரத்துக்கு ஐந்து நிமிடம் போதும் என்று காட்டும்போது சேர் தன் தாளை எடுத்து மேசையில் வைத்தார். துப்பு அவர் கையில் முதல் வாரத்திலிருந்தே இருந்திருக்கிறது. அவர் அதை வளவின் அகலமாகக் கணக்கெடுத்திருந்தார்.

நேர்மையான மர்ம நாவல் செய்வது இதுதான். துப்பைப் பூட்டி வைப்பதில்லை. அதற்குச் சாதாரணமான ஒரு விளக்கத்தை நாமே கொடுத்துக்கொள்ளும்படி விட்டுவிடுகிறது. சேர் தோற்றதாக உணரவில்லை. அவருக்கு அன்று அவ்வளவு மகிழ்ச்சி. "எல்லாம் சொல்லித்தான் இருக்கிறா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இரண்டாம் வாசிப்பில் இப்படியான இடங்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. கடிதத்தை உடனே வாசிக்கும்படி டொக்டர் அக்ரொய்டை வற்புறுத்தும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. முதல் வாசிப்பில் அது ஒரு நண்பரின் அக்கறை. அக்ரொய்ட் பிடிவாதக்காரர், ஒன்றைச் செய் என்று எவ்வளவு சொல்கிறோமோ அவ்வளவுக்குச் செய்யமாட்டார் என்ற தகவலும் அதே இடத்தில் வந்துவிடுகிறது. முடிவு தெரிந்து வாசித்தால் உடம்பு சில்லிடும். வாசிக்க விடாமல் தடுப்பதற்காகவே ஒருவர் "வாசியுங்கள், வாசியுங்கள்" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

உடல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, செய்ய வேண்டிய சிறியதைச் செய்ததாக ஒரு வரி வருகிறது. வைத்தியர் ஒருவர் பிணத்தருகே செய்யும் கடமை என்று நினைத்துக் கடந்து போகிறோம். அந்தச் சில வினாடிகளில் அவர் குரல் பதிவு செய்யும் டிக்டாஃபோன் கருவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, கதிரையைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டார். ஒன்பதரை மணிக்கு அறைக்குள் கேட்ட அக்ரொய்டின் குரல் அந்தக் கருவியிலிருந்து வந்தது. அக்ரொய்ட் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

அப்புறம் மாஜோங் என்ற சீனக் காய் ஆட்டம் வரும் அத்தியாயம். முதல் வாசிப்பில் எங்கள் குழுவில் பலருக்கு அது வீணான அத்தியாயமாகப் பட்டது. ஊர்வம்பும் ஆட்டமும் மாறி மாறி வருகின்றன, கதை நகரவில்லை என்றார்கள். ஆட்டத்தின் முடிவில் டொக்டருக்கு அபூர்வமான வெற்றிக் கை ஒன்று விழுகிறது. அந்தச் சந்தோஷத்தில், குளத்தில் மோதிரம் கிடைத்ததைப் பற்றிச் சொல்லக்கூடாததை உளறிவிடுகிறார். அவருடைய குணம் மொத்தமும் அங்கே தெரிகிறது. எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு போகக்கூடிய மனிதர், வென்றுவிட்டோம் என்று தோன்றும் கணத்தில் அடக்க முடியாமல் போகிறார். கடைசி அத்தியாயத்தில் தன் எழுத்துத் திறமையைப் பற்றிப் பெருமைப்பட்டு, எந்தெந்த வாக்கியத்தில் எப்படி மறைத்தேன் என்று எடுத்துக் காட்டுவதும் இதே குணம்தான். கொலையை ஒப்புக்கொள்ளும் இடத்தில் அவரிடம் குற்ற உணர்ச்சியை விட எழுத்தாளனின் கர்வமே மேலோங்கி நிற்கிறது. இவ்வளவு உண்மையான ஒரு கொலையாளியை நான் அதிகம் வாசித்ததில்லை.

திருப்பத்தின் கீழே இன்னொரு கதையும் ஓடுகிறது. அது அக்கா கரோலைனின் கதை. வீட்டை விட்டு அசையாமல் ஊர்ச் செய்தி முழுவதையும் அறிந்து வைத்திருப்பவர். முதல் வாசிப்பில் சிரிப்பூட்டுகிறார். பதினேழாம் அத்தியாயத்தில் ஓர் இரவு புவாரோ அவர்கள் வீட்டில் இருந்துகொண்டு, கொலை எண்ணமே இல்லாத ஒரு சாதாரண மனிதனை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தொடங்குகிறார். அவனுக்குள் எங்கோ ஆழத்தில் ஒரு பலவீனம் இருக்கிறது, வாழ்க்கை அதைச் சோதிக்காதவரை அவன் மரியாதையாகவே செத்துப்போவான் என்கிறார். கரோலைன் அவர் ரால்ஃபைப் பற்றிப் பேசுவதாக நினைக்கிறார். அதே அத்தியாயத்தில்தான் தம்பியைப் பார்த்து, நீ பலவீனமானவன், என் கண்காணிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்பாயோ என்கிற கருத்தில் பேசுகிறார். எட்டு வயது மூத்த அக்கா தன் தம்பியைச் சரியாக எடை போட்டு வைத்திருக்கிறார். அந்த எடையை வழக்கோடு சேர்த்துப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. இதைக் கேட்டுவிட்டு அன்ரி, "அவவுக்கு உள்ளுக்குள்ள தெரியும்" என்றார். தெரிந்திருக்கும் என்று நாவல் சொல்லவில்லை. தெரியாது என்று டொக்டர் நம்புகிறார், அவ்வளவே. பிற்காலத்தில் கிறிஸ்டி படைத்த துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிளுக்குக் கரோலைன் வித்தாக இருந்திருக்கலாம் என்று கிறிஸ்டியே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அது வியப்பில்லை. இந்த நாவலில் உயிரோடு எழுந்து நடக்கும் ஒரே ஆள் கரோலைன்.

வாசகரைக் கைவிடும் இடங்கள்

மேலே நான் எழுதிய கடைசி வாக்கியம் ஒரு குறையையும் சொல்கிறது. மற்றவர்களுக்கு உயிர் போதாது.

நாவலின் நடுப்பகுதியில் புவாரோ வீட்டாரைக் கூட்டி வைத்து, இந்த அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் என்னிடம் ஒன்றை மறைக்கிறீர்கள் என்கிறார். டொக்டரும் அந்த அறையில் இருக்கிறார் என்பதால் அந்த வரி அற்புதமானது. ஆனால் அதற்குப் பிறகு வரும் அத்தியாயங்களில், கடனை அடைக்கும் ஆட்கள் வங்கிக் கவுண்டருக்கு வருவது போல ஒருவர் பின் ஒருவராக வந்து தம் ரகசியத்தை இறக்கி வைக்கிறார்கள். ரால்ஃபுக்கும் வீட்டுப் பணிப்பெண் ஊர்சுலாவுக்கும் ரகசியத் திருமணம். அக்ரொய்டின் சகோதரர் மகள் ஃபுளோரா நாற்பது பவுண் பணம் திருடியவர். வீட்டை நிர்வகிக்கும் மிஸ் ரஸலுக்கு மறைத்து வைத்த மகன் ஒருவன், அவன் போதைக்கு அடிமை. பட்லர் பார்க்கர் முன்பு ஒருவரை மிரட்டியவர். செயலாளருக்குக் கடன். எல்லாம் ஒழுங்காகத் தீர்க்கப்படுகின்றன. ஆனால் எதுவும் மனதில் தங்கவில்லை. இந்தக் கட்டத்தில்தான் எங்கள் உயர்தரத் தம்பி இரண்டு வாரம் வராமல் இருந்தார். வந்தபோது, "ஆக்களின் பேரே குழம்புது அண்ணா" என்றார். சேர் ஒரு குடும்ப மரம் வரைந்து கொடுத்த பிறகுதான் அவரால் தொடர முடிந்தது.

இந்த நாவல் 1925இல் லண்டனின் ‘ஈவினிங் நியூஸ்’ நாளிதழில் தொடர்கதையாக முதலில் வந்தது. அதுவும் நடுப்பகுதியின் நடைக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். தொடர்கதையில் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு கண்டுபிடிப்பு வேண்டும். வாரப் பத்திரிகைத் தொடர்களோடு வளர்ந்த நமக்கு அந்த ஓட்டம் பழக்கமானது. புத்தகமாக ஒரே மூச்சில் வாசிக்கும்போது அதே ஓட்டம் களைப்பைத் தருகிறது. நடுவில் விட்டுவிடாமல் கடக்க வேண்டிய பகுதி இது என்று புது வாசகருக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

இன்னொரு குறையை அன்ரிதான் சொன்னார். "ஒருத்தரும் அழேல்லையே, பிள்ளை." ஒரு வீட்டில் கொலை நடந்திருக்கிறது, உயில் பற்றியும் சாவி பற்றியும் கதைக்கிறார்கள், செத்த மனிதருக்காகத் துக்கம் நிற்க இடமில்லை. புதிர் நாவலின் மரபு இது, தெரியும். உடல் ஒரு கேள்வியாகத்தான் வர வேண்டும், பாரமாக வரக்கூடாது. ஆனால் கொழும்பில் இருந்து வாசிக்கும் நம்மில் பலருக்கு, யார் செய்தது என்று தெரியாமலே போன சாவுகளின் நினைவு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அப்படியான வாசகருக்கு அக்ரொய்டின் வீட்டுச் சுத்தம் எளிதில் ஒட்டாது. எனக்கும் ஒட்டவில்லை. இந்த நாவலில் மிகப் பெரிய துயரத்தைச் சுமந்தவர் திருமதி ஃபெரர்ஸ். கணவனைக் கொன்று, அந்தக் குற்றத்தை வைத்து ஒருவனால் உறிஞ்சப்பட்டு, தன் உயிரையும் எடுத்துக்கொண்டவர். அவர் முதல் பக்கத்துக்கு முன்பே இறந்துவிடுகிறார். அவர் குரலைக் கடிதத்தின் சில வரிகளில் மட்டும் கேட்கிறோம்.

வேலைக்காரர்கள் விடயத்திலும் நாவலின் காலம் தெரிகிறது. சந்தேகம் முதலில் பட்லரைச் சுற்றுகிறது. பணிப்பெண் ஊர்சுலா வாசகரின் மரியாதையைப் பெறுவது, அவர் உண்மையில் வறுமைப்பட்ட நல்ல குடும்பத்துப் பெண் என்று தெரிந்த பிறகுதான். கறுவாத்தோட்டத்துப் பெரிய வீடுகளில் அப்புமார் வேலை செய்த காலத்தை நேரில் அறிந்த சேருக்கு இது கோபத்தைத் தந்தது. அவருடைய கோபம் நியாயமானது.

கொலையின் பொறிமுறை பற்றியும் சொல்ல வேண்டும். மதியம் முடிவெடுத்து இரவுக்குள் இத்தனையையும் ஒரு வைத்தியர் கோத்துவிடுகிறார்: கத்தியை முன்பே எடுத்து வைப்பது, குறித்த நேரத்தில் தானே பேசும்படி டிக்டாஃபோனை அமைப்பது, ரால்ஃபின் சப்பாத்துத் தடம், புகையிரத நிலையத்திலிருந்து தனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வரச் செய்வது. டொக்டருக்கு இயந்திரங்களில் கை தேர்ச்சி உண்டு என்று முன்பே காட்டப்பட்டிருப்பதால் இது மோசடி ஆகாது. ஆனால் அந்த அழைப்பை எடுக்கும் கப்பல் பணியாளர் அன்றே கிடைத்து, அன்றே ஊரை விட்டுப் போக வேண்டும். ஒன்பதரைக்கு யாராவது கதவருகே வந்து குரலைக் கேட்க வேண்டும். சேர் இதற்கு மதிப்பெண் குறைத்தார். நான் குறைக்கவில்லை. குணம் சரியாக இருந்தால் கடிகாரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்பது என் பக்கம்.

டொக்டர் ஏன் இந்த நிலைக்கு வந்தார் என்பதை நாவல் அவசரமாகவே கடந்துவிடுகிறது. கிடைத்த சொத்தை மேற்கு அவுஸ்திரேலியத் தங்கச் சுரங்கம் ஒன்றில் போட்டு இழந்தவர் என்பது புவாரோவுடன் நடக்கும் வேடிக்கையான உரையாடல் ஒன்றில் வருகிறது. துப்பாக அது அழகு. ஒரு மனிதன் எப்படி உடைந்தான் என்பதற்கு அது போதவில்லை.

நியாயமா, மோசடியா

வெளிவந்த காலத்திலிருந்தே இந்தச் சண்டை நடக்கிறது. 1929இல் ரொனால்ட் நொக்ஸ் என்ற கத்தோலிக்கக் குருவானவர் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். அவரும் மர்ம நாவலாசிரியரே. வாசகர் யாருடைய மனதைப் பின்தொடர அனுமதிக்கப்பட்டாரோ அவர் குற்றவாளியாக இருக்கக்கூடாது என்பது முதல் கட்டளை. துப்பறிவாளரின் அப்பாவி நண்பன் தன் மனதில் ஓடும் எதையும் மறைக்கக்கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. இரண்டையும் மூன்று வருடங்களுக்கு முன்பே கிறிஸ்டி உடைத்திருந்தார். ஆனால் 1930இல் லண்டனில் மர்ம எழுத்தாளர்கள் துப்பறியும் கழகம் ஒன்றைத் தொடங்கியபோது அவரும் அதில் இருந்தார். 1957 முதல் அதன் தலைவராகவும் இருந்தார். 2013இல் பிரித்தானியக் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர்கள், இதுவரை எழுதப்பட்ட குற்ற நாவல்களில் சிறந்தது இதுதான் என்று வாக்களித்தார்கள்.

மறுபக்கத்தில், அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1945இல் மர்ம நாவல்களை மொத்தமாகத் தாக்கிய தன் கட்டுரைக்கு, அக்ரொய்டை யார் கொன்றால் யாருக்கென்ன என்ற பொருளில் தலைப்பு வைத்தார். அவருடைய குற்றச்சாட்டில் பாதி சரி. அக்ரொய்டைப் பற்றி உண்மையிலேயே யாருக்கும் அக்கறை வருவதில்லை. ஆனால் யார் கதை சொல்கிறார் என்பதில் அக்கறை வருகிறது, அதை வில்சன் கணக்கில் எடுக்கவில்லை.

பிரெஞ்சுப் பேராசிரியர் பியேர் பயார் 1998இல் ஒரு முழுப் புத்தகமே எழுதி, கொலையாளி டொக்டர் அல்ல, கரோலைன்தான் என்று வாதாடினார். நாவல் முழுவதும் மறைத்த ஒருவர் கடைசி அத்தியாயத்தில் மட்டும் முழு உண்மையைச் சொல்கிறார் என்று ஏன் நம்ப வேண்டும் என்பது அவர் கேள்வி. சட்ட மாணவிக்கு இந்த வாதம் மிகவும் பிடித்தது. ஒப்புதல் வாக்குமூலம் மட்டும் இருக்கிறது, விசாரணை நடக்கவில்லை, புவாரோ அவருக்குத் தற்கொலைக்கு வழிவிட்டு வழக்கை மூடுகிறார், இது என்ன நீதி என்று கேட்டார். எனக்குக் கரோலைன் கொலையாளி என்ற முடிவில் உடன்பாடு இல்லை. தம்பியின் கர்வத்தைப் பார்த்த பிறகு வேறு யாரையும் அந்த இடத்தில் வைக்க முடியவில்லை. ஆனால் நம்பிக்கையை ஒரு முறை உடைத்த கதைசொல்லியிடம் அதைத் திரும்ப வாங்க முடியாது என்பது உண்மை. இந்தத் திருப்பத்துக்குக் கிறிஸ்டி கொடுத்த உண்மையான விலை அதுதான் என்று நினைக்கிறேன்.

யாருக்குக் கொடுக்கலாம்

கணக்குப் போட்டு வாசிப்பவருக்குத் தயங்காமல் கொடுங்கள். ஒரு தாளும் பென்சிலும் சேர்த்துக் கொடுங்கள். முதன்முதலாக ஆங்கில மர்ம நாவல் வாசிக்கும் மாணவருக்கு, ஆட்களின் பட்டியலை எழுதிக் கொடுத்தால் நடுப்பகுதியைக் கடந்துவிடுவார். எங்கள் தம்பி முடிவுக்கு வந்ததும் நான்காம் அத்தியாயத்தைத் தானாகவே திரும்ப வாசித்தார், யாரும் சொல்லாமலே. துக்கத்தை, மனித மனதின் ஆழத்தைத் தேடி வாசிப்பவருக்கு இதை முதல் புத்தகமாகக் கொடுக்கவேண்டாம். அவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

முடிவு ஏற்கெனவே தெரிந்துவிட்டது, இனி எதற்கு என்று சொல்பவர்களுக்கு என் பதில் நேரானது. உங்களுக்கு ஒரு வாசிப்பு போய்விட்டது, இன்னொன்று மிச்சம் இருக்கிறது. நல்ல பகுதி அதில்தான் இருக்கிறது. அன்ரி முடிவைக் கேட்டபின் மாணவியிடம் முழுக் கதையையும் மீண்டும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். இந்த முறை எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லலாம் என்பதால் கதை இரண்டு மடங்கு நீண்டது.

பதிப்பு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில பதிப்புகளின் முன்னுரை எல்லாவற்றையும் உடைத்துவிடும். முன்னுரையைக் கடைசியில் வாசியுங்கள். பின்னட்டையையும் பார்க்க வேண்டாம். இணையத்தில் நாவலின் பெயரைத் தட்டினால் முதல் பந்தியிலேயே விடயம் வந்துவிடும், அதையும் தவிருங்கள். முதல் ஐந்து அத்தியாயங்களை ஒரே அமர்வில் வாசித்துவிட்டு, நேரங்களைக் குறித்து வைத்துக்கொண்டு மிச்சத்துக்குப் போங்கள்.